ஆறு புள்ளி மூன்று கிராம்

இனிக்கிறது என்றாள் அந்தப் பெண். சத்தமாகச் சொல்லவில்லை, பக்கத்து மேசைக்காரியிடம் முணுமுணுத்தாள், நான் அந்த நேரம் பார்த்து அவர்களுக்குப் பின்னால் நடந்து கொண்டிருந்தேன். பரீட்சையில் பேசக் கூடாது என்று சொல்லத்தான் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்துப் பயந்து போய், "ஒண்ணுமில்ல சார், பிப்பெட்ட கழுவுறப்ப லேசா வாய்க்குள்ள போயிட்டு. இனிக்கி சார்" என்றாள். "பேசாம செய்யிம்மா" என்றேன். இரண்டடி நடந்த பிறகுதான் அந்த வார்த்தை எனக்குள் வந்து சேர்ந்தது. பிப்பெட்டில் இருப்பது ஆக்சாலிக் அமிலம். அமிலம் என்றால் புளிக்க வேண்டும், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அது எப்படி இனிக்கும். சரியாகத்தான் கேட்டேனா. இனிக்கிறது என்றுதான் சொன்னாள். நான் நடப்பதை நிறுத்தவில்லை. புறத்தேர்வாளர் நடுவழியில் நின்றால் பன்னிரண்டு பெண்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோவிலைச் சுற்றுகிறவனைப் போல மேசைகளைச் சுற்றி வந்தேன். வேதியியல் செய்முறைத் தேர்வுக்காக வாரியம் என்னை இந்தக் கோவில்பட்டிப் பெண்கள் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறது. எனக்கு இந்தப் பிள்ளைகளைத் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது, அதுதான் புறத்தேர்வாளர் என்பதற்கே அர்த்தம். பெயர் கேட்கக் கூடாது. எண் மட்டும்தான். அந்த விதியை எழுதியவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். மூன்றாவது மேசை, எண் கடைசியில் நாற்பத்தொன்று, இனிக்கிறது என்று சொன்ன பெண். உலர்ந்த கூந்தலை இரட்டைப் பின்னலாக மடித்துக் கட்டியிருக்கிறாள், பிப்பெட்டை உறிஞ்சும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். கண்ணை மூடாதே, அளவுக் கோட்டைப் பாரு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அந்தக் கரைசலைப் போட்டது நான். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், வேறு யாரிடமும் இல்லாவிட்டாலும் எனக்கு நானே. ஆய்வக உதவியாளர் வரவில்லை, அவர் மகளுக்கு இன்று சடங்கு. இந்தப் பள்ளியின் வேதியியல் ஆசிரியை ஆவுடைத்தங்கம் டீச்சர் காலையில் தனியாக ஓடிக்கொண்டிருந்தார், உப்புகளைப் பொட்டலம் கட்டுகிறார், பெர்மாங்கனேட்டைக் கரைக்கிறார், மூலையில் அழுகின முட்டை வாயு தரும் கிப் கருவியைத் திருகிப் பார்க்கிறார், அதன் குழாய் சரியாக மூடவில்லை, அறை முழுக்க நாற்றம். பார்க்கப் பாவமாக இருந்தது. "ஆக்சாலிக் அமிலத்தை நான் போட்டுர்றேன் டீச்சர்" என்றேன். பாவம் பார்த்து மட்டும் சொல்லவில்லை. எனக்கு இன்னொருவர் கணக்கில் நம்பிக்கை கிடையாது. நாடு முழுக்க இந்த ஒரு அமிலத்தில்தான் ஆசிரியர்கள் வழுக்கி விழுகிறார்கள். வாய்பாட்டைப் பார்த்துத் தொண்ணூறு என்று கூட்டுவார்கள். அந்தப் படிகத்துக்குள் இரண்டு மூலக்கூறு தண்ணீர் ஒளிந்திருப்பதை மறந்துவிடுவார்கள். காய்ந்து கலகலவென்று கிடக்கிற வெள்ளைத் தூளுக்குள் தண்ணீர் இருக்கிறது என்பதை மனசு ஒத்துக்கொள்ளாது. ஒளிந்திருப்பதையும் சேர்த்துத்தான் எடை. பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறு, தொண்ணூறோடு நூற்றிருபத்தாறு. அதில் இருபதில் ஒரு பங்கு ஆறு புள்ளி மூன்று கிராம், ஒரு லிட்டருக்கு. இருபத்திரண்டு வருடமாக நான் தண்ணீரை மறந்ததே இல்லை. இன்றும் மறக்கவில்லை. பழைய தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முள் நடுவில் நிற்கும்வரை விரலால் ஒவ்வொரு குருணையாகத் தட்டினேன். டீச்சர்கூட, "எங்க அட்டெண்டர் கையளவுல போடுவார் சார், நீங்க நகை எடை போடுறீங்க" என்று சிரித்தார். கணக்கில் தப்பு வர வழியே இல்லை.

ஆனால் எதை நிறுத்தேன். அமிலம் எங்கே இருக்கு என்று கேட்டபோது டீச்சர் திரும்பாமலே, "ரெண்டாவது தட்டுல ஓரத்துல சார், லேபிளப் பூச்சி தின்னுட்டு" என்றார். ஓரத்தில் ஒரு புட்டி இருந்தது. தாளை ராமபாணப் பூச்சி அரித்து, பெயர் இருந்த இடத்தில் பசைத் தழும்பு மட்டும் இருந்தது. உள்ளே வெள்ளைப் படிகம். எடுத்தேன். ஒரு தட்டுக்கு இரண்டு ஓரம் உண்டு. நான் இடது ஓரத்தில் எடுத்தேன். வலது ஓரத்தில் என்ன இருந்தது. இப்போது இங்கிருந்து அலமாரி தெரிகிறது, இரண்டாவது தட்டும் தெரிகிறது, வலது ஓரத்தில் ஒரு புட்டி இருக்கிறது, அதிலும் தாளைக் காணோம். போய்ப் பார்க்கலாம். பத்தடிகூட இருக்காது. போய்ப் பார்த்தால் மட்டும் என்ன தெரியும், அதுவும் வெள்ளையாகத்தான் இருக்கும். வேதியியலில் பாதி வெள்ளைத் தூள். சமையல் உப்பு வெள்ளை, சீனி வெள்ளை, எலி மருந்து வெள்ளை. பெயரை எடுத்துவிட்டால் எல்லாம் ஒன்றுபோல உட்கார்ந்திருக்கும், சொந்தக்காரர் வராத பிணங்களைப் போல. என்ன நினைப்பு இது, காலங்காத்தாலே. நான் அறையைச் சுற்றினேன். ஐந்தாவது மேசையில் ஒருத்தி ப்யூரெட்டுக்குள் காற்றுக் குமிழி இருப்பதைக் கவனிக்காமல் அளவு எழுதுகிறாள். எழுதட்டும். ஒன்பதாவது மேசைக்காரி பிப்பெட்டை வாயில் வைத்திருக்கிறாள், கன்னம் குழிந்திருக்கிறது, வெள்ளைத் திரவம் மேலே மேலே ஏறுகிறது. வெள்ளை இல்லை, நிறமற்றது. நிறமற்றதுதானா. காலையில் கரைத்தபோது லேசாகக் கலங்கியது நினைவுக்கு வருகிறது. வாலை வடித்த தண்ணீர் பாதிதான் இருந்தது, மீதிக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். கோவில்பட்டித் தண்ணீர், இதில் துவரம்பருப்பே வேகாது, கலங்காமல் என்ன செய்யும் என்று நினைத்து வடிகட்டிவிட்டேன். வடிதாளில் நின்றது என்ன என்று பார்க்கவில்லை. பார்க்கிற ஆள்தான் நான், ஆனாலும் பார்க்கவில்லை.

இனிக்கிற வெள்ளைப் படிகம். அதன் பெயர் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறேன், தெருவில் கடன்காரனைப் பார்த்தவன் அடுத்த சந்தில் திரும்புகிற மாதிரி. முதலில் உலோகத்தின் பெயர், பிறகு அமிலத்தின் பெயர், பெயரிடும் விதி அவ்வளவுதான், வருடா வருடம் ஜூன் மாதத்தில் சாக்பீஸ் தேய எழுதிப்போடுகிறேன். பையன்கள் கேட்பார்கள், இரும்புக்கு மட்டும் ஏன் சார் பக்கத்துல அடைப்புக்குறி. இரும்பு என்று மட்டும் சொன்னால் பத்தாதுடா, அது எத்தனை எலக்ட்ரானை இழந்தது என்றும் சொல்ல வேண்டும், இரண்டை இழந்தால் ஒரு குணம், மூன்றை இழந்தால் வேறு குணம், பச்சையாக இருந்தது பழுப்பாகிவிடும். இழந்தது எவ்வளவு என்று பெயரோடு சேர்த்து எழுதுவது ரசாயனத்தில் மட்டும்தான். மனிதர்களுக்கும் எழுதினால் வசதியாக இருக்கும். அம்சா, அடைப்புக்குறிக்குள் ஒன்று. என் மனைவி. எனக்கும் ஒன்று. பார்த்தவுடனே தெரிந்துவிடும், யாரும் பஸ்ஸில் உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்க மாட்டார்கள். பதினாறாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தோம். அதற்குள் குழந்தை போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் அம்சவேணியின் பெண் குழந்தை என்று மட்டும் எழுதியிருந்தது. பெயர் இல்லை. ஆனால் பெயர் இருந்தது. பிரசவம் ஆன மறுநாளே அம்சா சொன்னாள், பேரு நான் வச்சுட்டேன், அன்னைக்குக் காதுல சொல்லும்போது நீங்களும் கேட்டுக்கிடுங்க என்று. எவ்வளவு சிரிப்பு அப்போது அவள் முகத்தில். எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, என்ன பேரு அது என்று கேட்டேன். அது அவளுக்கு வச்சது, உங்களுக்கு எதுக்கு என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. பதினேழு வருடமாக அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. சில சமயம் சமையலறையில் அவள் வாய் அசைவது தெரியும், நான் போய் நின்றால் நின்றுவிடும்.

அதனால்தான் எனக்குப் பெண் பிள்ளைகளின் பெயர் ஆகாது. எந்தப் பெயரும் அந்தப் பெயராக இருக்கலாம். கலையரங்கத்தில் யாரோ ஒரு அம்மா மகளைக் கூப்பிட்டால் என் முதுகு சில்லிடும், இதுவோ. பஸ்ஸில், கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில், இதுவோ, இதுவோ. ஆண்கள் பள்ளியாகப் பார்த்து மாற்றல் வாங்கினேன், டியூஷனுக்குப் பெண்களைச் சேர்ப்பதில்லை, சார் கறாரானவர் என்று ஊரில் நல்ல பெயர். புறத்தேர்வாளர் வேலை பெண்கள் பள்ளியில் விழுந்தால் ஏதாவது சாக்கு சொல்லித் தப்பிவிடுவேன். இந்தத் தடவை சாக்கு எடுபடவில்லை. இருந்தால் அவளுக்கு இந்த வருடம் பிளஸ் டூ. வேறு எதுவும் யோசிக்க வேண்டியதில்லை, இந்த வயது, இந்தப் பாவாடை தாவணி, இந்த உயரம். பன்னிரண்டு பேர் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். கிப் கருவிக்குள் வாயு குமிழியிடும் சத்தம் மட்டும் கேட்கிறது, தூங்குகிறவர் தொண்டையில் சளி அடைத்த மாதிரி. என் கட்டைவிரலில் ஏதோ பழுப்பாக ஒட்டியிருக்கிறது, காலையிலிருந்தே இருக்கிறது, நேரம் ஆக ஆகக் கறுத்துக்கொண்டு வருகிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. பேப்பர் மையாக இருக்கும்.

டீச்சரிடம் போய்ச் சாதாரணமாகப் பேச்சுக் கொடுப்பது போல, "அந்த மூணாவது மேசைப் பொண்ணு, ஆக்சாலிக் அமிலம் இனிக்கிங்குது டீச்சர்" என்றேன். குரல் என்னவோ சிரிப்பாகத்தான் வந்தது. அவர் விடைத்தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "காலையில பூரா நெல்லிக்காய் தின்னுருக்கும் சார். வாசல்ல ஒருத்தன் கூடையோட உக்காந்துருக்கான், ஒரு பிள்ள விடாம வாங்கிருக்கு. நெல்லிக்காயத் தின்னுட்டுப் பச்சத்தண்ணி குடிச்சாலே இனிக்குமே" என்றார். நெல்லிக்காய். ஐயா, நெல்லிக்காய். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சின்ன வயதில் எத்தனை தடவை நெல்லிக்காயைக் கடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துத் தொட்டித் தண்ணீரைக் குடித்திருக்கிறேன், சர்பத் மாதிரி இருக்கும், அது தோன்றவே இல்லை பார். படித்தவன் புத்தி. மூன்றாவது மேசைப் பெண்ணின் டெஸ்குக்கு அடியில் கிடந்த பைக்குப் பக்கத்தில் நெல்லிக்கொட்டை ஒன்றுகூடக் கிடந்தது, ஆறு வரி போட்ட கொட்டை. அதைப் பார்த்ததும் அந்தப் பெண் மீதே எனக்குப் பிரியம் வந்துவிட்டது. இந்த உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு சாதாரணக் காரணம் இருக்கிறது. குளிர்ந்த காற்று வருவதற்குக் காரணம் இருக்கிறது, இனிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் எழுந்து, சுற்றுகிற வேலையை மறுபடி தொடங்கினேன். இந்த முறை அவசரமில்லாமல், ஜன்னல் பக்கமாக, தராசு மேசையைத் தாண்டி.

தராசுக்குப் பக்கத்தில் நான் படிகத்தைக் கொட்டி எடுத்த காகிதம் காலையில் விட்ட இடத்திலேயே இருந்தது. அதன் மடிப்பில் மிச்சமிருந்த குருணைகள் வெள்ளையாக இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தன. எள்ளை வறுத்துக் கருக விட்ட மாதிரி, காகிதத்தோடு சேர்ந்து, யாரும் தொடாமல், நெருப்பில்லாமல், தானாகக் கறுத்துக் கிடந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கட்டைவிரலைப் பார்த்தேன். அதே கறுப்பு. பக்கத்தில் கிப் கருவி நாறிக்கொண்டிருந்தது. அழுகின முட்டை வாயு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க என்ன செய்வீர்கள் என்று எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான், லெட் அசிடேட் தடவின தாளைக் காட்டுவோம் சார், கறுப்பாயிரும் சார். காரீயம். அமிலமாக இருந்தால் அந்த வாயு அதை ஒன்றும் செய்யாது, வெள்ளையாகவே இருந்திருக்கும். முதலில் உலோகத்தின் பெயர், பிறகு அமிலத்தின் பெயர். லெட் அசிடேட். காரீயச் சர்க்கரை என்று பழைய ஆட்கள் அதற்கு வைத்த பெயர் சும்மா வைத்ததில்லை. நகை எடை போட்டேன். ஒளிந்திருந்த தண்ணீரைக்கூட விடாமல் கணக்கில் சேர்த்தேன். கணக்கு சரி. நான் நிறுத்தது வேறு பொருள். இந்தக் காகிதத்தைப் பார்த்தது நான் மட்டும்தான். சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

என் மூளை அப்போது என்ன செய்தது என்றால் கணக்குப் போட்டது. வேறு எதுவும் அதற்குத் தெரியாது. ஒரு லிட்டரில் ஆறு புள்ளி மூன்று கிராம். ஒரு மடக்கு உள்ளே போயிருந்தால் ஐந்து மில்லி. ஆறு புள்ளி மூன்றை ஐந்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் முப்பத்தொன்றரை மில்லிகிராம். அதில் காரீயம் பாதிக்குக் கொஞ்சம் மேல், இருநூற்றேழின் கீழ் முந்நூற்றெழுபத்தொன்பது, பதினேழு மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூட இல்லை. யாரும் சாகப் போவதில்லை. மூன்று குடுவையிலும் எடுத்து வைத்த பிறகுதான் கந்தக அமிலம் சேர்ப்பார்கள், அதற்குள் இன்னும் இரண்டு தடவை பிப்பெட் எடுப்பார்கள், எல்லோரும் விழுங்க மாட்டார்கள், பெரும்பாலும் உதட்டோடு நின்றுவிடும், அப்படியே போனாலும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, அப்போதும் ஒன்றும் ஆகாது, வயிற்றைக் கொஞ்சம் வலிக்கும், நெல்லிக்காய் தின்ற வயிறு என்பார்கள். கரைசல் கெட்டுவிட்டது என்று மட்டும் சொல்லிப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடலாம். என் வேலை இருக்கும், டீச்சரின் வேலை இருக்கும், இந்தப் பிள்ளைகளின் மார்க் இருக்கும். ரொம்பச் சின்ன எண். எண்ணைப் பார்த்துப் பார்த்து எனக்கு மூச்சு சீராகிக்கொண்டு வந்தது. இரண்டு கிலோ அறுநூறு. எடை நல்லா இருக்கு சார், கவலைப்படாதீங்க என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். தராசில் நானே பார்த்தேன், முள் நேராக நின்றது. இரண்டு கிலோ அறுநூறு, எந்தக் குறையும் இல்லாத எண். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வெளியில் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அம்சா தொட்டிலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டீக்கடையில் நின்றபோது அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள். கூப்பிட்டுப் பார்த்திருப்பாள். அது எனக்கு ஒருநாளும் இதுவரைக்கும் தோன்றியதில்லை. மூன்றாவது மேசையில் நாற்பத்தொன்று இரண்டாம் தடவைக்குப் பிப்பெட்டை உதட்டில் வைத்து, கண்ணை மூடினாள்.

"எல்லாரும் பிப்பெட்டக் கீழ வைங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. யாரும் அசையவில்லை, பரீட்சையில் இப்படி ஒரு கட்டளையை அவர்கள் கேட்டதில்லை. நான் போய் அந்தப் பெண்ணின் கையிலிருந்ததைப் பிடுங்கினேன், கண்ணாடி மேசையில் பட்டு நுனி உடைந்தது. "வாயில வைக்காதீங்க. யாரும் வைக்காதீங்க. முழுங்கினதும் முழுங்காததும் எல்லாம் போய் வாயக் கொப்பளிங்க." டீச்சர் எழுந்து வந்து, "என்ன சார், நெல்லிக்கான்னு சொன்னேனே" என்றார். நான் அந்தப் பெண்ணின் குடுவையில், அவள் எடுத்து வைத்திருந்த இருபது மில்லியில், கந்தக அமிலத்தைச் சில சொட்டு விட்டேன். ஆக்சாலிக் அமிலமாக இருந்தால் கண்ணாடி மாதிரி தெளிவாக நிற்கும். சொட்டு விழுந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புகை கிளம்பியது, அது சுருண்டு இறங்கியது, குடுவை முழுக்கப் பால் மாதிரி வெளுத்துவிட்டது. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அது லெட்டுல்லா சார்" என்றார். "ஆமா. நான்தான் போட்டேன். இடது ஓரத்துல எடுத்துட்டேன்." அவர் என்னைத் திட்டியிருக்கலாம். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் ஆபீசுக்குப் போயி வண்டிக்குச் சொல்லுதேன். ஒண்ணும் செய்யாதுன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம். அங்க பேரு கேப்பாங்க சார், யாரு எவ்வளவு முழுங்குனாங்கன்னு எழுதித் தரணும். நீங்க எழுதி வைங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

தொட்டிக் குழாயில் பெண்கள் கொப்பளிக்கிற சத்தம். ஒருத்தி அழத் தொடங்கியிருந்தாள், மற்றவர்கள் அவளைப் பார்த்துத் தாங்களும் அழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கட்டைவிரல் பட்ட இடத்தில் தாளில் கறுப்பாகக் கறை விழுந்தது. எண்களை எழுதிக் கொடுத்தால் என்ன, எண்ணை வைத்துப் பள்ளியில் பெயர் பார்த்துக்கொள்வார்கள். எழுதவும் தொடங்கினேன், நாற்பத்தொன்று என்று எழுதினேன், பிறகு அடித்தேன். முதலில் வந்து நின்றது அவள்தான். உதட்டைத் தாவணி முனையால் துடைத்துக்கொண்டே வந்தாள். கண்கள் பெரிய கண்கள். எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன, தண்ணீருக்கு அடியில் இருப்பது போல.

"எவ்வளவும்மா உள்ள போச்சு?"

"ரெண்டு மடக்கு இருக்கும் சார். இனிப்பா இருந்துச்சா, துப்பணும்னு தோணல."

"வயித்த வலிக்கா?"

"இல்ல சார். எனக்கு என்னமும் ஆயிருமா சார்?"

பதினேழு, இரண்டு மடக்குக்கு முப்பத்து நான்கு, ரொம்பச் சின்ன எண் என்று நாக்கு நுனி வரை வந்தது. "தெரியலம்மா" என்றேன். "நான் கூட வாரேன்." பேனாவை அடித்த எண்ணுக்குப் பக்கத்தில் ஊன்றினேன். "உன் பேரு என்ன?"

"நம்பரா சார்?"

"நம்பர் வேண்டாம். பேரச் சொல்லு."

அவள் சொன்னாள். செண்பகவல்லி என்றாள். அதுவா, அதுதானா என்று எனக்குத் தெரியவில்லை, இனித் தெரியப் போவதும் இல்லை. நான் அதை முழுதாக எழுதினேன். அவளுக்குப் பின்னால் பதினொரு பேர் வரிசையாக, ஈர வாயோடு, தங்கள் பெயரைச் சொல்லக் காத்துக்கொண்டு நின்றார்கள்.